நான்கு விரல்

ஆகஸ்டில் எல்லோரும் வில்லாளிகள்தான்.
ராஸ் அல் கைமா வெயிலில்
இலக்கின் ஃபோம் இளகிக் கிடக்கும்;
எந்த அம்பை விட்டாலும் இறகுவரை போய்விடும்.
கைதட்டிக்கொள்வார்கள், படம் எடுப்பார்கள்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
சம்பளம் அம்புக்கு, அபிப்பிராயத்துக்கு இல்லை.

உபைத் அப்போது கேட்டது வேகம்.
"லேசா வேணும் அமலி, பறக்கணும்."
முந்நூற்று எழுபது கிரெயினில் கட்டித் தந்தேன்.
கிரெயின் என்பது பொடி எடை,
ஒரு குன்றிமணியைத் தட்டில் போட்டால்
இரண்டுக்குச் சற்றுக் குறைய நிற்கும்.
நொடிக்கு முந்நூறு அடி என்று
கருவி காட்டிய எண்ணை
கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தான்.
நானும் சிரித்தேன்.

அக்டோபரில் நமீபியாவிலிருந்து வந்தவன்
மேசைமேல் பாதி அம்பை வைத்தான்.
முனைப் பக்கத்துப் பாதி.
இருநூறு அடி தள்ளி முள்ளில் கிடந்ததாம்.
காய்ந்த ரத்தம் நான்கு விரல் அகலம்,
அதற்குமேல் கார்பன் தண்டு
கடையில் இருந்தபடியே கறுப்பாக, சுத்தமாக.
தோள் எலும்பு என்றான்.
இரண்டு நாள் தடம் பார்த்தார்கள்,
மூன்றாம் நாள் விமானம்.
தேநீரைத் தொடவில்லை.

துடைக்காமல் ஸ்கேலை வைத்தேன்.
ஏழு சென்டிமீட்டர்.
அளக்கத்தான் தெரியும் எனக்கு.

கடை அடைத்தபின் யோசித்தேன்.
லேசான அம்பு அவசரக்காரன்,
வாசலில் ஆள் நின்றால் திரும்பிவிடுவான்.
கனத்தது தாமதமாகத்தான் வரும்.
வந்துவிட்டால், தடுத்த பிறகும்
இன்னும் கொஞ்சம் உள்ளே வந்துகொண்டே இருக்கும்,
வாடகை பாக்கி கேட்க வருகிறவர் மாதிரி.

எடை மட்டும் போதாது,
எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது?
பாரம் பின்னால் இருந்தால்
முனை எலும்பில் பட்ட நொடியில்
வால் முந்தப் பார்க்கும்,
தண்டு வளையும்,
வளைவிலேயே பாதி பலம் செத்துப்போகும்.

நூறு கிரெயின் பித்தளையை
முனைக்குப் பின்னால் திணித்தேன்.
தண்டு தாங்காமல் நெளிந்தது.
விறைப்பான தண்டு மாற்றினேன், இறகைக் குறைத்தேன்.
கத்தி முதுகில் கிடத்தினால்
நடுவில் நிற்க மறுத்தது;
அரைச் சாண் முன்னால் தள்ளி
அசையாமல் படுத்தது.
அறுநூற்று இருபது.

ஃபோமை நம்பவில்லை.
மீன் சந்தைக்குப் பக்கத்தில் சர்வர் கானிடம்
ஒட்டகத்தின் தோள்பட்டை எலும்பு கேட்டேன்.
"சூப்புக்கா?"
"ஆமாம்."
எளிதான பதில்.

நவம்பர் காலை, ஜெபல் ஜைஸ் அடிவாரம்.
ரோவெனா மூக்கைப் பொத்திக்கொண்டு
எலும்பைக் கம்பியால் கட்டினாள்.
பழைய அளவு அம்பு முதலில்.
டக்.
எலும்பில் தொங்கி ஆடியது,
ஆணியில் மாட்டிய குடை போல.

பிறகு புதியது.
எலும்பில் படவே இல்லை.
நாற்பது மீட்டரில் அவ்வளவு தாழ்ந்து
தாங்குகட்டையின் மரக்காலில் போய்க் குத்தியது.
உபைத் என்னைப் பார்த்தான்.
நான் குறிமுள்ளைப் பார்த்தேன்,
கீழே இறக்கித் திருகினேன்.

இரண்டாவது முறை
வில்லுக்குக்கூடச் சத்தம் குறைவு.
எலும்பில் வாய் திறந்த ஒரு கீறல்,
பின்னால் ஃபோமில்
இறகு மட்டும் வெளியே.

"வேகம் எவ்வளவு போச்சு?"
"அறுபது அடி."
யாரும் கைதட்டவில்லை.
அவன் நடந்துபோய்
அந்தக் கீறலில் விரலை வைத்தான்,
எடுக்க நேரமாயிற்று.

அன்றிரவு பதிவேட்டில்
அவன் பெயருக்கு நேரே 620 என்று எழுதினேன்.
370ஐ அடிக்கவில்லை.

பாதி அம்பு இழுப்பறையில்தான் இருக்கிறது.
லேசா வேணும் என்று வருகிறவர்களுக்கு
முதலில் அதை எடுத்து வைக்கிறேன்.
சிலர் தொட்டுப் பார்க்கிறார்கள்.
சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள்.